டீகாவும் முதல் வீட்டாரும்

ஜெர்மன் எல்லையை ஒட்டி ஓடும் டிங்கல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் யாரும் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன்னால் பண்ணையின் பெயர் வரும், பின்னால்தான் ஞானஸ்நானப் பெயர். அப்படி அவள் ‘ஹோர்ஸ்ட் டீகா’. ஆனால் அந்தப் பண்ணையில் பிறந்தவள் அல்ல. சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டுகிற கூலிக்காரர் வீட்டில், சாப்பாட்டுத் தட்டைவிட வாய்கள் அதிகமாக இருந்த வீட்டில் பிறந்தவள். கன்னியாஸ்திரீகளிடம் நாலாம் வகுப்புவரை படித்தாள். பிறகு ஹோர்ஸ்ட் பண்ணைக்குப் பால் கறக்க வந்தாள். சில வருஷம் கழித்து அந்த வீட்டு மகன் பேரண்டைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக யாரிடமும் அழுததில்லை. மாதாவிடம் மட்டும் அழுதாள். மாமனார் கிராட்ஸ் பெரியவர் முன்கோபி என்றாலும், மருமகளை ஒரு சொல் சொல்லவிடமாட்டார். “அவ கை பட்டா மாடு ஒரு படி கூடக் கறக்குது. பேரப்பிள்ளைய கர்த்தர் தரும்போது தரட்டும்” என்பார்.

சண்டை வந்தது. நாட்டை ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டான். நாலாம் வருஷம் பேரண்டைத் தொழிற்சாலை வேலைக்கென்று பிடித்து ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். பெரியவர் நெஞ்சில் நீர் கோத்துப் படுக்கையில் விழுந்தார். மாடும் தேனீயும் உருளைக்கிழங்குக் காடும் டீகா தலையில் இறங்கின.

இப்படி இருக்கும்போதுதான், தவக்காலம் பிறந்த வாரத்தில், ஜெர்மனிமேல் குண்டுபோடப் போன நேசநாட்டு விமானம் ஒன்று எரிந்துகொண்டே வந்து மேற்கு வயலில் விழுந்தது. அதிலிருந்தவர்களில் ஐந்து பேரைக் கோவில் கல்லறையில் புதைத்தோம். ஒருவனை ஜெர்மன்காரன் பிடித்தான். வால்பக்கத்தில் துப்பாக்கி பிடித்து உட்கார்ந்திருந்தவன் மட்டும் டீகாவின் கிழங்குக் குழியில் கிடந்தான். கணுக்கால் முறிந்திருந்தது. கனடா தேசத்துப் பண்ணைப் பையன், பெயர் லாயிட்.

டீகா மாமனாரிடம் போய்ச் சொன்னாள். அவனை வைத்திருந்து பிடிபட்டால் வீட்டைக் கொளுத்துவார்கள், ஆளைச் சுடுவார்கள். அது ஊருக்கெல்லாம் தெரியும்.

“காலு ஒடிஞ்சவனா?” என்று கேட்டார் பெரியவர்.

“ஆமா மாமா.”

“அப்புறம் எங்கிட்ட என்னத்தக் கேக்குற? சாய்ப்புல படுக்கப் போடு. எம் பழைய கால்சட்டையக் குடு.”

அவ்வளவுதான். பாராசூட்டுத் துணியைக் குழியிலேயே புதைத்தாள். கோவிலின் உதவிச் சாமியார் இப்படி விழுந்தவர்களைக் கைமாற்றிக் கைமாற்றி பெல்ஜியம்வரை அனுப்புகிறவர் என்று அவளுக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்கால் போட்டு, பாவத்தைச் சொல்லாமல் இதைச் சொன்னாள். “அவன் நொண்டியாவது நடக்கட்டும். கோவில்வரைக்கும் வந்துட்டா மத்தத நான் பாத்துக்குறேன். பாலத்துலதான் கண்டம்” என்றார் அவர். பாலத்தில் காவல் நின்றவர்கள் ஜெர்மன்காரர்கள் அல்ல. அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்த நம் ஆட்கள். வேட்டைத் துப்பாக்கியும் கைப்பட்டையுமாக, போகிற வருகிற எல்லாரையும் நிறுத்துவார்கள்.

லாயிடுக்கு நம் பேச்சில் இரண்டே வார்த்தை வந்தது. ஒன்று பால், இன்னொன்று நன்றி. ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் மற்றதைச் சொல்வான். பெரியவர் படுக்கையில் இருந்தபடியே சிரித்துச் சிரித்து இருமுவார்.

ஒரு காலையில் டீகா கஞ்சி கொண்டுபோனபோது பெரியவர் மூச்சில்லாமல் கிடந்தார். கண்ணை மூடிவிட்டாள். சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தினாள். முழங்கால் போட்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தவளுக்குப் பாதியில் வேறொன்று நினைவுக்கு வந்தது.

முதல் வீட்டாரைக் கூப்பிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்காரர்கள் கையைக் கட்டி உட்கார வேண்டும், அதுதான் முறை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊருக்குச் சொல்வது, பெட்டியை வண்டியில் ஏற்றிக் கோவிலுக்கு ஓட்டுவது எல்லாம் பக்கத்து வீட்டாரின் கடமை. அதிலும் முதல் வீட்டார் என்று ஒருவர் உண்டு. தாத்தன் காலத்திலிருந்து இன்ன பண்ணைக்கு இன்ன பண்ணை என்று இருக்கும். அதை மாற்ற முடியாது. ஹோர்ஸ்ட் பண்ணைக்கு முதல் வீட்டார் ஹின்னிக்.

ஹின்னிக்கின் ஒரே மகன் வில்லம் போன வருஷம் ஜெர்மன்காரனின் பட்டாளத்தில் தானாகப் போய்ச் சேர்ந்து ருஷ்யாவுக்குப் போய்விட்டான். அப்பனே அனுப்பினான் என்றார்கள் சிலர். அப்பனோடு சண்டை போட்டுப் போனான் என்றார்கள் சிலர். எதுவானாலும் ஊர் ஹின்னிக்கோடு பேச்சை நிறுத்திவிட்டது. பூசைக்கு வந்தால் அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அவர் மனைவி ஃபென்னா வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டாள்.

அந்த ஹின்னிக்தான் வந்து வீட்டின் மூலை முடுக்கெல்லாம் நடமாடப்போகிறார். கூப்பிடாமல் விடலாம் என்றால், ஏன் கூப்பிடவில்லை என்று ஊரே கேட்கும். அந்தக் கேள்வி பாலம்வரை போகும்.

டீகா முதலில் லாயிடை எழுப்பினாள். சாய்ப்பு ஆகாது, மாட்டுக்கொட்டில் ஆகாது. பெட்டியை வீட்டுக் கூரைக்குள்ளேயே இருக்கும் போரடிக்கும் களத்தில் வைப்பார்கள், சுற்றிலும் பெண்கள் உட்காருவார்கள். யோசித்து யோசித்துத் தேனீக் கொட்டகைதான் சரி என்று முடிவு செய்தாள். வீட்டைவிட்டுத் தள்ளி, பழத்தோட்டத்தின் கோடியில் இருக்கிறது. முன்னால் தேனீ குடியிருக்கும் கூடைகள் வரிசையாக இருக்கும். பின்னால் காலிக் கூடைகளும் வைக்கோலும் போட்ட ஒரு சிறு அறை. இந்தக் குளிரில் அங்கே யார் போகப்போகிறார்கள்? அவனைத் தோளில் சாய்த்துக் கொண்டுபோய், இரண்டு போர்வையும் ரொட்டியும் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். பிறகுதான் ஹின்னிக் வீட்டுக்கு ஓடினாள்.

“அண்ணே, மாமா போயிட்டார்.”

ஹின்னிக் அப்போதே தொப்பியைக் கழற்றினார். நெடுநாளாக வீட்டுக்கு ஆள் வராத மனுஷன், வாசலில் அவளைப் பார்த்த அதிர்ச்சியே அவருக்கு இன்னும் தெளியவில்லை. “நீ போ தங்கச்சி. போய் உக்காரு. இனி எங்க வேல” என்றார்.

ஹின்னிக்குக்கு முகம்கொடுக்காத மற்றப் பக்கத்து வீட்டாரும் முறைக்குக் கட்டுப்பட்டு வந்தார்கள். ஹின்னிக் பெரியவரைக் குளிப்பாட்டி, கையில் ஜெபமாலை சுற்றி, களத்தில் கிடத்தினார். நிஜக் காப்பி கிடைக்காத காலம், பெண்கள் அடுப்படியில் வாற்கோதுமை வறுத்துக் காப்பி போட்டார்கள். டீகா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“இந்தக் காப்பிய மாமாவுக்கு ஊத்துனா எழுந்து உக்காந்து திட்டுவார்” என்றாள் கீழ்ப்பண்ணை யென்னெ. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“அப்ப ஊத்திப் பாரேன், மறுபடியும் உசிரு வரட்டும்” என்றாள் இன்னொருத்தி.

“ஐயோ வேணாம்மா. வந்ததும் எங்கடி எம் பொகையிலன்னு கேப்பார்.”

டீகாவும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஹின்னிக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பழத்தோட்டத்துக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எஜமான் இறந்தால் முதல் வீட்டார் போய்த் தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவை செத்துப்போகும், அல்லது வீட்டைவிட்டுப் போய்விடும். சின்ன வயதிலிருந்து எத்தனை சாவில் பார்த்திருக்கிறாள்! வீட்டுக்குள் எங்கெங்கே ஆள் வரும் என்று எண்ணிப் பார்த்தவளுக்கு, இது மட்டும் தோன்றாமலே போய்விட்டது.

எழுந்து ஓட முடியவில்லை. சாவு வீட்டுக்காரி எழுந்தால் பத்துப் பேர் கேட்பார்கள். “மூச்சு முட்டுது, வாசல்ல நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு மெதுவாக வெளியே வந்தாள். வந்ததும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஹின்னிக் ஒவ்வொரு கூடையாக விரல் முட்டியால் தட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். “எஜமான் போயிட்டார். நீங்க போயிடாதீங்க.” அடுத்த கூடை. “எஜமான் போயிட்டார். நீங்க போயிடாதீங்க.” கடைசிக் கூடையில் தட்டியபோது பின்னால் அறையில் இருமல் கேட்டது. குளிரில் அடக்கி அடக்கிப் பார்த்துத் தாங்காமல் வந்த இருமல்.

ஹின்னிக் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தார். டீகா அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்தாள். வைக்கோலில் உட்கார்ந்திருந்த லாயிட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பயத்தில், தனக்குத் தெரிந்த ஒரே மரியாதைச் சொல்லான நன்றியைச் சொல்ல நினைத்து மாற்றிச் சொல்லிவிட்டான். “பால்” என்றான்.

ஹின்னிக் சிரிக்கவில்லை. கதவை மறுபடி சாத்தினார்.

“எத்தன நாளா?”

“விமானம் விழுந்ததுலேருந்து, அண்ணே.”

“பெரியவருக்குத் தெரியுமா?”

“அவர்தான் வச்சிக்கச் சொன்னார்.”

அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு அவளைப் பார்க்காமல் பேசினார். “போன மாசம் பாலத்துக்காரன் டெர்க் எங்கிட்ட வந்தான். விழுந்தவன் ஒருத்தனைக் காட்டிக்குடு, ஒம் மகனை ருஷ்யாவுலேருந்து இங்க மாத்திவிட வழி பண்றேன்னான். எம் மவன், டீகா. ஒத்த மவன். ஃபென்னா சோறு திங்கிறதில்ல.”

டீகா கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள். “அண்ணே, இவனையும் ஒருத்தி பெத்திருக்கா.”

“தெரியாமயா இருக்கேன்?” என்று கத்திவிட்டு, உடனே குரலைத் தாழ்த்தினார். “பெரியவர அடக்கம் பண்றவரைக்கும் நான் இந்த வீட்டுக்கு முதல் வீட்டான். இங்க பாத்தத வெளிய சொல்லமாட்டேன். அது முறை. அதுக்கப்புறம் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. நீ எங்கிட்ட சத்தியம் கேக்காத.”

அவள் வீட்டுக்குத் திரும்பி, நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அடக்கம் சனிக்கிழமை என்று முடிவாயிற்று. அதுவரை டீகா பெரியவருக்காக ஜெபமாலை சொன்னாளா, லாயிடுக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. ஆறுதல் சொல்ல வந்த உதவிச் சாமியார் காதில் விஷயத்தைப் போட்டாள்.

“பாலத்தைத் தாண்டாம எங்கயும் கொண்டுபோக முடியாதே! ஹின்னிக்க நம்பலாமா?”

“தெரியல சாமி.”

“எனக்கும் தெரியல” என்றார் அவர்.

சனிக்கிழமை காலை ஹின்னிக் தன் வண்டியில் குதிரையைப் பூட்டி ஓட்டிக்கொண்டு வந்தார். பெட்டியை ஏற்றினார்கள். பெட்டியைச் சுற்றி வைக்கோல் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையோடு கால் மூடுகிற கறுப்புத் துக்கப் போர்வையில் உட்கார வேண்டும். முதல் வீட்டாரின் மனைவிக்குத் தலைமாட்டில் இடம். ஃபென்னா வரவில்லை.

ஹின்னிக் டீகாவை ஓரமாகக் கூப்பிட்டார். இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். உள்ளே ஃபென்னாவின் கறுப்புப் போர்வை.

“அவ வரமாட்டா. ஆனா அந்த எடம் காலியா போகக்கூடாது” என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

டீகா மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் பேச்சை நம்பி லாயிடை வண்டியில் ஏற்றினால், பாலத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். அவனும் போவான், அவளும் போவாள், ஒன்றும் தெரியாமல் ஏறி உட்கார்ந்திருக்கிற பெண்களும் போவார்கள். ஏற்றாவிட்டால், மதியத்துக்குள் அடக்கம் முடிந்துவிடும். முடிந்த பிறகு தேனீக் கொட்டகைக்கு யார் வருவார்கள் என்று ஹின்னிக்குக்கே தெரியாது. பெட்டியைப் பார்த்தாள். மாமா இருந்தால் என்ன சொல்வார்? எங்கிட்ட என்னத்தக் கேக்குற என்பார். பழத்தோட்டத்தைப் பார்த்து நடந்தாள்.

போர்வை போர்த்த ஆள் ஒன்று டீகாவின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தது. பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. வண்டி நகர்ந்த பிறகு யென்னெதான் குனிந்து, வெளியே தெரிந்த பூட்சுக் காலைப் போர்வையால் இழுத்து மூடினாள்.

“ஃபென்னாவுக்கு இம்மாம் பெரிய காலா?” என்று முணுமுணுத்தாள்.

“வாய மூடிக்கிட்டு ஜெபமாலை சொல்லு யென்னெ” என்றாள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்த டீகா.

“சொல்லிட்டுத்தான் இருக்கேன். மணிதான் நழுவிக்கிட்டே இருக்கு.”

பாலத்தில் டெர்க் நின்றான். பெட்டியைப் பார்த்ததும் கைப்பட்டைக் கையால் சிலுவை போட்டுக்கொண்டான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தான்.

“என்ன ஹின்னிக், ஊரு ஒன்னைச் சேத்துக்கிச்சா?”

“சாவுக்கு மட்டும்” என்றார் ஹின்னிக்.

“தலமாட்டுல யாரு, ஒன் சம்சாரமா? ஆளப் பாத்தே வருசமாச்சே. என்ன ஃபென்னாக்கா, சௌக்கியமா?”

போர்வைக்குள்ளிருந்து பதில் வரவில்லை. டீகா கண்ணை மூடிக்கொண்டாள். குதிரை காலை மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஹின்னிக் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சும்மா இருந்த நேரத்தில் அவர் மகனைத்தான் நினைக்கிறார் என்று டீகாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவரைக் கோபிக்க அவளால் முடியவில்லை.

“எம் பொண்டாட்டிதான்” என்றார் ஹின்னிக். “மவனை நெனச்சு அழுது அழுது தொண்ட போயிருச்சு. பேச முடியாது. கோவில் மணி அடிச்சாச்சு டெர்க், விடு.”

டெர்க் ஒதுங்கினான். “அந்தப் பேச்ச யோசிச்சியா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“கண்ணுல யாரும் படல” என்று சொல்லிக் கடிவாளத்தை உதறினார் ஹின்னிக்.

கோவிலில் பெட்டியை இறக்கும் கூட்டத்தில், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ‘ஃபென்னா’ பூசைப்பொருள் அறைக்குள் போனாள். திரும்பி வரவில்லை. பெரியவரை அடக்கம் செய்தோம். லாயிட் பெல்ஜியம் எல்லையைத் தாண்டினான் என்றுமட்டும் உதவிச் சாமியார் பிறகு சொன்னார். அதற்குமேல் செய்தி இல்லை. “பாலத்துல நடந்தத மூச்சு விடாத. வெளிய தெரிஞ்சா அந்த மனுசனச் சுவரோரம் நிறுத்திடுவாங்க” என்றும் சொன்னார். வண்டியில் இருந்த பெண்களுக்கும் தனித்தனியாக இதையே சொல்லியிருந்தார்.

அடக்கத்தன்று நடந்த சாப்பாட்டில் ஹின்னிக் ஒரு வாய் காப்பி குடித்தார். கிளம்பும்போது டீகா வாசல்வரை வந்தாள். நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள்.

“சொல்லாத” என்றார் அவர். “பாலத்துல அவனக் காட்டிக்குடுக்கத்தான் வாயத் தொறந்தேன். எப்படி இது வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. ராத்திரி படுத்தா, நான் செஞ்சது சரிதானான்னு ஃபென்னா கேப்பா. அவளுக்கு என்ன சொல்றது?”

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

புல் அறுத்து உலர்த்துகிற மாதத்தில், வில்லம் ருஷ்யாவில் செத்துப்போனான் என்று தகவல் வந்தது. ஹோர்ஸ்ட் பண்ணைக்கு ஹின்னிக் முதல் வீட்டார் என்றால், ஹின்னிக்கின் பண்ணைக்கு ஹோர்ஸ்ட்தானே முதல் வீடு! பேரண்ட் இன்னும் திரும்பவில்லை. பெரியவரும் இல்லை. ஆகவே ஊருக்குச் சொல்ல வேண்டியவள் டீகா. கறுப்பு உடுத்திக்கொண்டு மழையில் கிளம்பினாள்.

வழக்கப்படி ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும்: “ஹின்னிக் வீட்டு வில்லம் கர்த்தரிடம் போனான், செவ்வாய்க்கிழமை பூசைக்கு வாருங்கள்.” அவள் முதலில் போன வீட்டில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டில் திறக்கவே இல்லை. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது. ரொட்டிக்கடைக்காரி வாசலில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஜெர்மன்காரன் சட்டையப் போட்டவனுக்குப் பூசையா? ஒம் புருசனை இழுத்துக்கிட்டுப் போனதே அவனுங்கதானே? ஒனக்கு ரோசம் இல்லையா டீகா?”

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. இந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கலாம், இன்னொருத்தி பிள்ளைக்காக அந்த அப்பன் விட்டுக்கொடுத்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் வாயை மூடிவிடுவாள். ஆனால் அந்த வார்த்தை பாலத்துக்கும் போகும். டீகா விழுங்கிக்கொண்டாள்.

“நாங்க முதல் வீடு. அதான் வந்தேன்” என்றாள்.

யென்னெ மட்டும் அவளை உள்ளே இழுத்துத் தலையைத் துவட்டிவிட்டாள். “எனக்குத் தெரியாதா டீகா? ஆனா எங்க வீட்டுக்காரரு காலை ஒடிச்சிருவாரு. அவருகிட்ட என்னன்னு சொல்லிட்டு வர்றது?” என்று சொல்லிவிட்டு அழுதாள். டீகா அவளைக் கோபிக்கவில்லை. அடுத்த வாசலுக்குப் போனாள். அதற்கடுத்த வாசலுக்கும் போனாள்.

ஊர் முழுதும் சுற்றிவிட்டு ஹின்னிக் வீட்டுக்கு வந்தபோது பாவாடை முழங்கால்வரை சேறு. ஹின்னிக் மேசையருகே இருந்தார். ஃபென்னா மகன் சின்ன வயதில் முதல் நற்கருணை வாங்கியபோது எடுத்த படத்தை மடியில் வைத்திருந்தாள்.

“சொல்லிட்டியா தங்கச்சி?”

“எல்லா வீட்டுலயும் சொல்லிட்டேன், அண்ணே.”

யார் வருவார்கள் என்று அவர் கேட்கவில்லை. டீகா ஃபென்னாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜெபமாலையை எடுத்து, வில்லம் பெயரைச் சொல்லி ஆரம்பித்தாள். சிறிது நேரம் அவள் குரல் மட்டும்தான் கேட்டது. பிறகு ஃபென்னாவின் உதடும் அசைந்தது.